முன்பு அறுவையில் பெற்ற தாயும் மறு பிரசவமும்

ஏரிக்கரையில் ஒருமுறை உடைப்பெடுத்து அடைத்த இடத்தை ஊரார் எளிதில் மறப்பதில்லை. அடுத்த ஆண்டு நீர் பெருகும்போது கரை முழுவதையும் ஒருமுறை பார்ப்பார்கள். அடைத்த இடத்தை நான்கு முறை பார்ப்பார்கள். வீராணம் ஏரிக்கும் வெள்ளாற்றுக்கும் இடையே வாழும் நமக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அடைப்பு உறுதியாக இருந்தால் கரை பல்லாண்டு நிற்கும். ஆயினும் ‘இங்கே ஒருமுறை உடைந்தது’ என்னும் நினைவு கரைகாவலருக்கு இருந்தே தீரவேண்டும்.

சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள ஊர்களில் கரும்பும் நெல்லும் பயிரிடும் குடும்பங்களிலும், குறிஞ்சிப்பாடி, புவனகிரிப் பக்கங்களில் தறியை நம்பி வாழும் குடும்பங்களிலும், முதற் குழந்தையை அறுவை சிகிச்சையில் பெற்ற தாய்மார் இன்று மிகப் பலர். அவர்கள் மறுபடி கருவுறும்போது வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது. ‘இம்முறையும் அறுக்கத்தான் வேண்டுமா? சுகப்பிரசவம் ஆகாதா?’ இக்கேள்விக்கு அண்டை வீட்டார் ஒரு விடையும், மாமியார் ஒரு விடையும், நகரத்திலுள்ள உறவினர் ஒரு விடையும் கூறுவர். மருத்துவ நூல் கூறும் விடை யாது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். தாயின் உயிரும் சேயின் உயிரும் இதைப் பொறுத்திருக்கின்றன.

எத்தனை பேரின் விஷயம்?

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவை சிகிச்சையால் நிகழ்ந்தன. தனியார் மருத்துவமனைகளில் இது நூற்றுக்கு 64; அரசு மருத்துவமனைகளில் 36. இந்தியா முழுவதற்கும் சேர்த்து எடுத்தால் நூற்றுக்கு 21 அல்லது 22தான். ஒரு சமுதாயத்தில் அறுவைப் பிரசவம் நூற்றுக்குப் பத்தைத் தாண்டிப் பெருகுவதால் மட்டும் தாய் சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் அறிவித்தது. நம் மாநிலத்தின் எண்ணிக்கை அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல்.

அதற்குரிய காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. முதல் அறுவை அவசியமாகவே செய்யப்பட்டிருக்கலாம். அதனால் பிழைத்த தாய்மாரும் குழந்தைகளும் எண்ணிலடங்கார். ஆனால் முதல் அறுவையோடு கணக்கு முடிவதில்லை என்பதை உணரவேண்டும். அடுத்த பிரசவத்தின் கணக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பழைய விதி ஒன்று

முற்காலத்தில் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தால் தாய் பிழைப்பது அரிது. கர்ப்பப்பையைத் தைக்காமலே விட்டுவிடுவதுதான் அன்றைய வழக்கம். உதிரப்போக்கினாலும் சீழ்பிடித்தும் பெரும்பாலோர் இறந்தனர். 1882இல் ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் சாங்கர் என்னும் மருத்துவர், கர்ப்பப்பையின் கீறலை இழை இழையாகச் சேர்த்துத் தைக்கும் முறையை வகுத்தார். அதன் பின்னரே இந்தச் சிகிச்சை உயிர்காக்கும் சிகிச்சையாயிற்று.

தைத்த கர்ப்பப்பை மறுபடியும் ஒரு பிரசவத்தைத் தாங்குமா என்னும் ஐயம் உடனே எழுந்தது. 1916இல் நியூயார்க் நகர மருத்துவர் எட்வின் கிராகின், ஒருமுறை சிசேரியன் என்றால் என்றும் சிசேரியன்தான் என்று எழுதினார். முதல் அறுவையை எளிதாக எண்ணிச் செய்துவிடாதீர்கள் என்று சக மருத்துவர்களை எச்சரிக்கவே அவர் அவ்வாறு கூறினார். நாளடைவில் எச்சரிக்கை மறைந்து விதி மட்டும் நிலைத்துவிட்டது.

அவர் காலத்தில் கர்ப்பப்பையின் மேற்பாகத்தில் நெடுக்காகக் கீறுவார்கள். பிரசவ வலியின்போது சுருங்கி இறுகி வேலை செய்வது அந்த மேற்பாகமே. ஆகையால் அங்கே உள்ள தையல் பிரிந்துவிடும் அச்சம் மெய்யானது. பின்னர் 1920களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த மன்றோ கெர், கர்ப்பப்பையின் கீழ்ப்பாகத்தில் குறுக்காகக் கீறும் முறையை வலியுறுத்தினார். கீழ்ப்பாகம் மெல்லியது, வலியின்போது சுருங்காமல் விரிந்து கொடுப்பது, உதிரமும் குறைவாகவே போகும், தையலும் நன்கு கூடும். இன்று உலகெங்கும் பெரும்பாலும் இந்த முறையே கையாளப்படுகிறது. கீறும் இடம் மாறியதும் பழைய விதியின் அடிப்படையும் மாறிவிட்டது.

இருபுறமும் ஆடிய ஊசல்

அமெரிக்காவில் 1980இல் அரசின் சுகாதார ஆய்வுக் கழகம் கூட்டிய நிபுணர் குழு, தக்க தாய்மார்க்கு மறு பிரசவத்தை இயல்பாகவே நிகழவிடலாம் என்று கூறியது. அதன்பின் அவ்வாறு பெறுவோர் பெருகினர். 1996இல், முன்பு அறுவையில் பெற்ற நூறு பேரில் 28 பேர் இயல்பாகப் பெற்றனர். ஆனால் தகுதியற்றவர்க்கும் அதையே முயன்றதால் சில இடங்களில் கர்ப்பப்பை கிழிந்து துயரங்கள் நேர்ந்தன, வழக்குகளும் எழுந்தன. பத்தாண்டுக்குள் அந்த எண்ணிக்கை நூற்றுக்குப் பத்துக்கும் கீழே விழுந்தது. எல்லோரையும் அறுக்கவேண்டும் என்பதும் பிழை, எல்லோரையும் வலி தாங்கவிட வேண்டும் என்பதும் பிழை என்பதே அந்நாட்டார் விலைகொடுத்துக் கற்ற பாடம்.

2004இல் வெளிவந்த ஒரு பேராய்வு இதைத் தெளிவாக்கியது. முன்பு அறுவையில் பெற்று, மறுமுறை இயல்பாகப் பெற முயன்ற 17,898 தாய்மாரை அவ்வாய்வு கவனித்தது. அவர்களில் கர்ப்பப்பை கிழிந்தது 124 பேருக்கு. அதாவது ஆயிரத்துக்கு ஏழு பேருக்கு.

இயல்பாகப் பெற முயலும் வழி

கீழ்ப்பாகத்தில் குறுக்காகக் கீறிய ஒரேயோர் அறுவை மட்டும் நடந்துள்ள தாய், தக்க மருத்துவமனையில் இயல்பாகப் பெற முயன்றால், நூற்றுக்கு 72 முதல் 75 பேர் வெற்றி பெறுகின்றனர் என்று இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர் கழகம் கூறுகிறது. அறுவைக்கு முன்போ பின்போ ஒருமுறையேனும் இயல்பாகப் பெற்றிருந்தால் நூற்றுக்கு 85 முதல் 90 பேர். வெற்றி பெற்றால் தாய் விரைவில் தேறுவாள். அடுத்த கருவுக்கும் இடர் குறையும்.

இதன் முக்கிய அபாயம் ஒன்று. ஆனால் அது பெரியது. தழும்பு இருக்கும் இடத்தில் கர்ப்பப்பை பிரிந்துவிடுவதே அது. இருநூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இது நேரும். நேர்ந்தால் குழந்தைக்குப் பிராணவாயு நின்றுபோகும். தாய்க்கு வயிற்றினுள்ளே உதிரம் பெருகும். சில நிமிஷங்களில் அறுவை செய்தால் இருவரையும் காக்கலாம். அரைமணி கடந்தால் நம்பிக்கை குறைந்துகொண்டே போகும். இருநூற்றில் ஒன்று என்பது சிறிய எண்தான். ஆயின் மயக்க மருந்து கொடுப்பவரும், அறுவை அறையும், இரத்தமும் ஆயத்தமாக இருக்கும் மருத்துவமனையில் அந்த ஒன்று நேர்வது வேறு. அவை இல்லாத சிறு விடுதியிலோ வீட்டிலோ நேர்வது வேறு. எண் ஒன்றே, முடிவு ஒன்றன்று.

வீட்டிலேயே பெறலாம் என்று காணொளிகளிலும் சில கூட்டங்களிலும் கூறுவோர் இக்காலத்தில் உளர். 2018இல் திருப்பூரில் அவ்வாறு வீட்டிலேயே பிரசவிக்க முயன்ற ஒரு தாய் உதிரப்போக்கால் உயிரிழந்ததை நாடறியும். கர்ப்பப்பையில் தழும்பு இல்லாதவர்க்கே இது ஆபத்து எனில், தழும்புள்ளவர்க்கு என்ன சொல்வது?

மறுபடி அறுக்கும் வழி

திட்டமிட்டு மறுபடி அறுவை செய்வதால் கர்ப்பப்பை கிழியும் அச்சம் பெரிதும் நீங்குகிறது. நாளும் நேரமும் முன்கூட்டியே தெரியும். எனினும் இதை இடரற்ற வழி என்று எண்ணுவது தவறு. முன்னைய அறுவையால் வயிற்றினுள் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிரிக்கும்போது மூத்திரப் பைக்குக் காயம் நேரலாம். உதிரப்போக்கும் கூடலாம். தேறுவதற்கும் நாள் பிடிக்கும்.

இதனினும் பெரியது நஞ்சுக்கொடியைப் பற்றிய இடர். அடுத்த கருவில் நஞ்சு, கர்ப்பப்பையின் வாயை மறைத்துக்கொண்டு பழைய தழும்பின் மேல் பதிந்தால், அது தசைக்குள் வேர்விட்டுப் பிரியாமல் நின்றுவிடக்கூடும். அவ்வாறு வாயை மறைத்த நஞ்சு உடையவர்களில், முதல் அறுவையின்போதே இது நேர்வது நூற்றுக்கு மூவருக்கு. இரண்டாம் அறுவையில் 11 பேருக்கு. மூன்றாவதில் 40 பேருக்கு. நான்காவதில் 61 பேருக்கு. பலமுறை கர்ப்பப்பையையே எடுத்தால்தான் தாய் பிழைப்பாள். ஆகவே மேலும் குழந்தை வேண்டும் என்று விரும்பும் குடும்பம், ஒவ்வோர் அறுவையும் அடுத்ததைக் கடினமாக்குகிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இரண்டே போதும் என்று உறுதி கொண்ட குடும்பத்துக்கு இக்கவலை குறைவு.

நாளும் நட்சத்திரமும் பார்த்து அறுவைக்கு நேரம் குறிக்கும் வழக்கமும் நம்மிடையே உண்டு. மருத்துவர் ஒப்பும் நாட்களுக்குள் நல்ல நாளைத் தேர்ந்தால் யாருக்கும் குறையில்லை. ஆனால் நாளுக்காக அவசரப்பட்டு 39 வாரம் நிறையுமுன் எடுத்த குழந்தை மூச்சுவிடத் திணறுவது உண்டு. கரும்பு முற்றுமுன் வெட்டினால் எடையும் இல்லை, சாறும் இல்லை. விவசாயிக்கு இது விளங்காததன்று.

யாருக்கு எது ஏற்றது?

இயல்பாகப் பெற முயலத் தக்கவர்: முன்பு ஒரே அறுவை, அதுவும் குறுக்குக் கீறல் உடையவர், வயிற்றில் ஒரே குழந்தை, தலை கீழாக இருப்பவர், நஞ்சு சரியான இடத்தில் அமைந்தவர், முதல் அறுவைக்குரிய காரணம் இப்போது இல்லாதவர். குழந்தை கால் கீழாக இருந்ததால் சென்ற முறை அறுத்திருந்தால், இம்முறை அக்காரணம் இல்லாமற் போகலாம். இடுப்பெலும்பு குறுகியதால் அறுத்திருந்தால் அக்காரணம் இம்முறையும் இருக்கும்.

முயலக் கூடாதவர்: நெடுக்குக் கீறல் அல்லது கிளைத்த கீறல் உடையவர், முன்பு கர்ப்பப்பை கிழிந்தவர், நஞ்சு வாயை மறைத்திருப்பவர். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அறுவை நடந்தவர்க்கு அனுபவம் மிக்க மருத்துவரே தனித்து ஆராய்ந்து முடிவு கூறவேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். வயிற்றின் மேல்தோலில் தெரியும் தழும்பைக் கொண்டு, உள்ளே கர்ப்பப்பையில் எத்திசையில் கீறினார்கள் என்று அறிய முடியாது. அதைச் சொல்லக்கூடியது முதல் மருத்துவமனையில் கொடுத்த விடுவிப்புச் சீட்டு ஒன்றே. அந்தச் சீட்டை நிலப்பட்டாவைப் போலக் காக்கவேண்டும். பலர் வீட்டில் அது ரேஷன் அட்டைக்கு உறையாகவோ, மழையில் நனைந்து மட்கியோ போய்விடுகிறது.

இரு குழந்தைகளுக்கிடையே இடைவெளியும் முக்கியம். அறுவைக்கும் அடுத்த பிரசவத்துக்கும் இடையே ஒன்றரை ஆண்டுக்குக் குறைந்தால் தழும்பு பிரியும் அபாயம் கூடுகிறது. ஈரம் காயாத மண்கரையில் நீரைத் தேக்கலாகாது. ஆகையால் முதற் பிரசவத்தின்போதே இடைவெளிக்குரிய முறையைப் பற்றிக் கணவனும் மனைவியும் சேர்ந்து செவிலியரைக் கேட்டறிதல் வேண்டும்.

ஒரு வீட்டில் நிகழக்கூடிய உரையாடல்

கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு வீட்டுக்கு வருகிறார் என்று எண்ணிக்கொள்வோம். திண்ணையில் மாமியார் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருக்கிறார். மருமகளுக்கு எட்டாம் மாதம்.

“நர்ஸம்மா, வலி வரட்டும், பிறகு கூட்டிக்கொண்டு போகிறோம். இப்போதே போய் அங்கே உட்கார்ந்தால் தறி வேலை யார் பார்ப்பது?”

“அம்மா, முதற் குழந்தைக்கு நீங்கள் சொல்வது ஒருவாறு பொருந்தும். உங்கள் மருமகளுக்கு உள்ளே தையல் இருக்கிறது. வலி வந்தபின் வண்டி தேடுவதற்கு நமக்குப் பொழுது இராது.”

“எனக்கு நான்கும் வீட்டிலேதான் பிறந்தன.”

“உங்களுக்கு வயிற்றில் தையல் இல்லையே, அம்மா. இழை அறுந்து முடிந்த பாவை ஓட்டும்போது நீங்களே கையை மெதுவாகத்தானே வைக்கிறீர்கள்?”

மாமியார் ராட்டையை நிறுத்தினார். “சரி, எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த நாளில் போகவேண்டும்? அதைச் சொல்லுங்கள்” என்றார்.

இந்தக் கடைசிக் கேள்வியை ஒவ்வொரு வீடும் எட்டாம் மாதத்துக்குள் கேட்டுவிட்டால் பாதி அபாயம் நீங்கிவிடும்.

கவனிக்க வேண்டியவை

கருவுற்றது தெரிந்தவுடன் பதிவு செய்து பிக்மி எண் பெறுக. முன்பு அறுவை நடந்ததைச் செவிலியரிடம் முதல் நாளே கூறுக. இத்தகைய தாய் இடர்மிக்க கர்ப்பிணி என்று குறிக்கப்படுவாள். அதனால் அஞ்ச வேண்டியதில்லை. கூடுதல் கவனிப்பு கிடைக்கும் என்பதே அதன் பொருள்.

முதல் இரண்டு மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்தல் நன்று. அரிதாகச் சிலருக்குக் கரு பழைய தழும்பிலேயே பதிந்துவிடும். அதை முன்பே காண்பது உயிர் காக்கும். ஐந்தாம் மாதத்திலும், தேவைப்பட்டால் எட்டாம் மாதத்திலும், நஞ்சு எங்கே அமைந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். இரத்த சோகையைப் பிரசவத்துக்கு முன்பே நீக்கிக்கொள்ள வேண்டும்.

விளக்கெண்ணெய் கொடுத்தோ, கடையில் மாத்திரை வாங்கியோ வலி வரவழைக்க எவரும் முயலலாகாது. மருந்தினால் வலி வரவழைத்தால் தழும்பு பிரியும் அபாயம் இரண்டு மூன்று மடங்காகிறது. சில மாத்திரைகள் இத்தகைய தாய்மார்க்கு அறவே கூடாதவை. வயிற்றை மேலிருந்து அழுத்திக் குழந்தையைத் தள்ளுவதும் கூடாது.

அபாயக் குறிகள் இவை: ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையிலும் ஓயாத நோவு, தழும்பின் மேல் கடுத்தல், உதிரம் காணுதல், குழந்தையின் அசைவு குறைதல், நன்றாக வந்துகொண்டிருந்த வலி திடீரென்று நின்றுபோதல், தாய்க்கு மயக்கமும் படபடப்பும். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108க்கு அழைக்கவேண்டும். சில வேளை வலி தொடங்குமுன்னரே தழும்பு பிரிவதுண்டு. மருத்துவமனையில் இயல்பாகப் பெற முயலும் தாய்க்குக் குழந்தையின் நாடித்துடிப்பை இடைவிடாது கவனிக்கிறார்களா என்று உடன் செல்பவர் கேட்கலாம். கேட்பது குற்றமன்று.

சேத்தியாத்தோப்பிலிருந்து கிழக்கே புவனகிரி வழியாகச் சிதம்பரம், மேற்கே விருத்தாசலம், வடக்கே நெய்வேலி எனச் சாலைகள் பிரிகின்றன. அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. இரவு பகல் எந்நேரமும் அறுவை செய்யவும் இரத்தம் ஏற்றவும் வசதியுள்ளது எது, தம் ஊரிலிருந்து அங்கே செல்ல எவ்வளவு நேரமாகும் என்பதை வீட்டார் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். அரசு மருத்துவமனையில் அறுவையாயினும் இயல்புப் பிரசவமாயினும் கட்டணமில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், தகுதியுள்ள தாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட ரூ.18,000 பெறுமான உதவியும் உண்டு.

சங்கம் செய்யக்கூடியது

கூட்டுறவு என்பது நூலும் விதையும் கொடுத்து, துணியையும் கரும்பையும் பெற்றுக்கொள்வதோடு முடிவதன்று. அங்கத்தினர் குடும்பங்களில் முன்பு அறுவையில் பெற்ற கர்ப்பிணிகள் யார் யார் என்பதை, அவர்தம் இசைவோடு, மகளிர் உறுப்பினர் ஒருவர் குறித்து வைக்கலாம். ஏழாம் மாதத்துக்குப் பின் அவர்களைக் குனிந்து களையெடுக்கவும், சோகை உரிக்கவும், குழித்தறியில் நெடுநேரம் அமரவும் விடாமல், இலேசான வேலையை மாற்றிக் கொடுக்கலாம். இரத்தம் கொடுக்க முன்வரும் இளைஞர்களின் பட்டியல் ஒன்று சங்க அலுவலகத்தில் இருக்கலாம். இரவில் வண்டி தரக்கூடியவர் யார் என்பதைச் சுவரில் எழுதி வைக்கலாம். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை; முன்யோசனை ஒன்றே வேண்டும்.

‘இம்முறையும் அறுக்கத்தான் வேண்டுமா?’ என்னும் கேள்விக்கு எல்லோர்க்கும் ஒரே விடை இல்லை. சிலர்க்கு வேண்டும், பலர்க்கு வேண்டியதில்லை. அதைத் தீர்மானிப்பது பழைய சீட்டும், மருத்துவரின் ஆராய்ச்சியும், தாயின் விருப்பமும். அண்டை வீட்டாரின் அனுபவம் அதைத் தீர்மானிக்கலாகாது. தாயைக் கேளாமல் மற்றவர் தீர்மானிப்பதும் முறையன்று. கரையில் அடைத்த இடம் எதுவென்று அறிந்து, நீர் ஏறுமுன் அங்கே ஆள் நிறுத்தும் ஊர், வெள்ளத்துக்கு அஞ்சுவதில்லை. அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்றே தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து, அந்த விடுவிப்புச் சீட்டு பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பார்களாக.